நீல விளக்கு ப்ராஜெக்ட் எடுத்தால் வேலை கிடைக்குமா?

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மகளுக்கு, ஒளிவினையூக்கியால் (ஒளி பட்டால் வினையைத் தூண்டும் பொருள்) ஆல்டிஹைடு போன்ற கார்போனைல் சேர்மங்கள் தயாரிக்கும் ப்ராஜெக்ட் கிடைத்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா. தாராளமாக எடுக்கட்டும். ஆனால் தலைப்பைப் பார்த்து யாரும் வேலை தரமாட்டார்கள். அந்த ஓராண்டில் கை எவ்வளவு பழகுகிறது என்பதுதான் கணக்கு.

பென்சைல் ஆல்கஹாலை பென்சால்டிஹைடு என்ற ஆல்டிஹைடாக மாற்றுவதில்தான் பலரும் தொடங்குவார்கள். பழைய வழி ஒன்றில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் வேண்டும். அது புற்றுநோய் தரக்கூடியது. ராணிப்பேட்டையின் குரோமியக் கழிவைப் பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். புது வழியில் ஒளிவினையூக்கியாகக் கொஞ்சம் கார்பன் நைட்ரைடு தூள், ஆக்ஸிஜன், குடுவையைச் சுற்றி நீல எல்.இ.டி. போதும். 2008இல் பிரின்ஸ்டனில் டேவிட் மேக்மில்லன் குழு, ஆல்டிஹைடுகளை வைத்து சாதாரண ஃப்ளோரசன்ட் விளக்கிலேயே வேறொரு ஒளிவினையூக்கி வினையை நடத்திக் காட்டியது. அதன்பிறகு துறை வேகம் பிடித்தது, மருந்துக் கம்பெனிகளும் இறங்கின.

கஷ்டம் எங்கே என்றால், ஆல்டிஹைடோடு நிறுத்துவதில். கொஞ்சம் அசந்தால் பென்சாயிக் அமிலம் வரை போய்விடும். அதனால் வினை எதுவரை போயிருக்கிறது என்று அவ்வப்போது டி.எல்.சி. (மெல்லிய தகட்டுச் சோதனை) போட்டுப் பார்க்க வேண்டும், கடைசியில் 'காலம்' (column) என்ற குழாயில் ஓட்டிப் பிரிக்க வேண்டும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியின் வரைபடத்தில் 4.7 பிபிஎம் பக்கம் இருந்த கோடு மறைந்து 10 பிபிஎம் அருகே புதிதாக ஒன்று எழுந்தால் ஆல்டிஹைடு வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றும் உண்மையிலேயே தேவையா என்று தெரிய, விளக்கை அணைத்து ஒருமுறை, வினையூக்கி போடாமல் ஒருமுறை, ஆக்ஸிஜன் இல்லாமல் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இதைச் சலிக்காமல் செய்யும் பெண்ணை ஹைதராபாத், பெங்களூரு மருந்து ஆய்வகங்களின் நேர்முகத்தில் மடக்குவது கஷ்டம். பெரிய கலனில் ஒளி உள்ளே அதிகம் இறங்காது, அதனால் மெல்லிய குழாயில் கரைசலை ஓடவிடுகிறார்கள். அதையும் அவர் கற்றுக்கொண்டால் ரொம்ப நல்லது.

கூடவே ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிவிடும் சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் தேர்வுகளுக்கும் இப்போதே படிக்கட்டும். நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பி.எச்டி.க்கு உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

சம்மதம் சொல்வதற்கு முன் மகள் அந்த லேபின் சீனியர்களிடம் ஒன்று விசாரிக்கட்டும்: என்.எம்.ஆர். கருவி வளாகத்திலேயே இருக்கிறதா, வெளியே அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களா? வெளியே என்றால் வேறு லேபும் பார்க்கச் சொல்லுங்கள்.