பழைய பந்தய சைக்கிள், ஒரே ஒரு பல்சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமா ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டிய பத்து கியர் சைக்கிள் வீட்டில் சும்மா கிடக்கிறது. எஃகு ஃப்ரேம், துரு அதிகமில்லை. அதை ஃபிக்ஸட் கியர் வண்டியாக மாற்றித் தெருவில் ஓட்ட விரும்புகிறேன். எந்தப் பழைய சைக்கிளையும் இப்படி மாற்றிவிட முடியுமா?

பதில்: எல்லாவற்றையும் முடியாது, உங்கள் வண்டிக்கு வாய்ப்பு அதிகம். முதலில் பார்க்க வேண்டியது, பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு எந்தத் திசையில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான். ஃபிக்ஸட் கியரில் பின் பல்சக்கரம் ஹப்போடு (சக்கரத்தின் நடுக்கூட்டோடு) சேர்ந்தே சுழலும் என்பதால், சக்கரம் ஓடும் வரை பெடலும் ஓடிக்கொண்டேயிருக்கும். செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கும் கியர் மாற்றியும் அங்கே இருக்காது. ஆகவே சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கித்தான் செயினை இறுக்க வேண்டும். பழைய பந்தய ஃப்ரேம்களில் பெரும்பாலும் அந்தப் பிளவு படுக்கைவசமாகவோ சற்றே சாய்வாகவோ இருப்பதால் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. பிற்காலத்து ஃப்ரேம்களில் பிளவு செங்குத்தாக இருக்கும். அவற்றுக்கு மையம் விலகிய அச்சுள்ள தனி ஹப் வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு ஃப்ரேம் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

அடுத்து, ஃப்ரேமின் பின்சக்கரத்தைத் தாங்கும் இரு கால்களுக்கும் இடையே உள்ள உள்ளகலத்தை அளந்து பாருங்கள். முன்னால் இரண்டும் பின்னால் ஐந்துமாகப் பல்சக்கரங்கள் கொண்ட பத்து கியர் வண்டிகளில் அது பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். ஓடுதளப் பந்தயத்துக்கான ஹப்பின் அகலமும் 120 என்பதால் சக்கரம் அப்படியே உட்கார்ந்துவிடும். பின்னால் ஆறு, ஏழு பல்சக்கரங்கள் வந்தபோது அது 126 ஆயிற்று. அப்படியானால் அச்சின் இருபுறமும் 3 மில்லிமீட்டர் வாஷர் சேர்த்தால் போதும். ஃப்ரேமை நெருக்கி வளைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சக்கரத்தின் அளவையும் கவனியுங்கள். அக்காலத்து வண்டிகளில் பலவும் 27 அங்குல ரிம்மில் வந்தவை. அதில் டயரின் விளிம்பு உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இன்று எளிதில் கிடைக்கும் 700சி ரிம்மில் அது 622. புதிய ரிம் போட்டால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டியிருக்கும் என்பதால், பிரேக்கின் கை அவ்வளவு நீளுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஹப்பிலிருந்து ஃப்ரீவீலை (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே ஓடவிடும் பல்சக்கரத் தொகுதியை) கழற்றிவிட்டு, அதே மரையில் ஒற்றைப் பல்சக்கரத்தை ஏற்றி, மேலே ஒரு பூட்டு வளையத்தையும் முடுக்கிவிட்டால் போதும், புது ஹப் வேண்டாம் என்கிறார் பழுதுபார்ப்பவர். இது பாதுகாப்பானதா?

பதில்: மரை பொருந்துவது உண்மைதான். திருகி ஏற்றும் ஃப்ரீவீலுக்கும் ஓடுதளப் பல்சக்கரத்துக்கும் ஒரே அளவு மரையே வழக்கில் இருக்கிறது. சிக்கல் பூட்டு வளையத்தில் இருக்கிறது. முன்னோக்கி மிதிக்கும்போது பல்சக்கரம் தன் மரையில் மேலும் இறுகுகிறது. வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்த்து அழுத்தும்போதோ அதே விசை அதைக் கழற்றப் பார்க்கிறது. அதற்காகவே உரிய ஹப்பில் இரண்டு படியாக மரை வெட்டியிருப்பார்கள்: பல்சக்கரத்துக்கு வழக்கமான வலது மரை, அதற்கு வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில் வளையத்துக்கு இடது மரை. பல்சக்கரம் கழல முயன்றால் அது வளையத்தையும் தன்னோடு சேர்த்துத் திருப்பும். இடது மரை என்பதால் அந்தத் திருப்பமே வளையத்தை இன்னும் இறுக்கும்.

பழைய ஹப்பில் அந்த இரண்டாம் படி கிடையாது. பெடல் அச்சுக்கூட்டிலிருந்து எடுத்த வளையத்தை அதே வலது மரையில் முடுக்கினால், பல்சக்கரம் கழலும்போது வளையமும் கூடவே கழன்றுவிடும். இறக்கத்தில், நிறுத்த வேண்டும் என்று நீங்கள் பெடலை அழுத்தும் அந்த ஒரு நொடியில்தான் இது நடக்கும். கால் எதிர்ப்பே இல்லாமல் பின்னோக்கிச் சுற்றும், வண்டி தன் பாட்டுக்கு ஓடும். மரையில் பசை தடவிச் சிலர் ஓட்டுகிறார்கள். முன்னும் பின்னும் நல்ல பிரேக் வைத்துக்கொண்டு, பெடலால் நிறுத்துவதே இல்லை என்ற உறுதியோடு ஓட்டுபவருக்கு அது ஓடலாம். எனினும் இந்த மாற்றத்தில் பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்று கேட்டால், பின்சக்கரத்து ஹப்பில்தான் என்பேன்.

ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரமும் மறுபக்கம் ஃப்ரீவீலும் ஏற்றும் இருபக்க ஹப் வாங்கினால் கூடுதல் வசதி. தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937-இல்தான் கியர் மாற்றிக்கு அனுமதி கிடைத்தது; அதற்கு முன்னர் மலை ஏற்றம் வந்ததும் வீரர்கள் இறங்கி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரம் செயினுக்கு வரும்படி பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் மேலே ஏறினார்கள். அந்த வகையில் பார்த்தால், பழைய பந்தய வண்டிக்கு இந்த ஹப் அந்நியமானதும் அல்ல.

கேள்வி: முன்னும் பின்னும் எத்தனை பற்கள் வைப்பது?

பதில்: பழைய வண்டிகளில் முன்னால் 52, 42 என்று இரண்டு பல்சக்கரங்கள் இருப்பது வழக்கம். பெரியதைக் கழற்றிவிட்டு 42-ஐ உட்புறத்தில் அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். பெரும்பாலான கிராங்குகளில் அந்த இடம், ஓடுதள ஹப்புக்குரிய 42 மில்லிமீட்டர் செயின் கோட்டுக்கு (ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரத்துக்கு) மிக அருகில் இருக்கும். செயின் நேராக ஓடுவது ஃபிக்ஸட் கியரில் வெறும் ஓசைப் பிரச்சினை அன்று. கோணலாக ஓடும் செயின் கழன்று பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

முன்னால் 42, பின்னால் 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.5 மீட்டர் நகரும்; நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேடு பள்ளம் மிகுந்த சாலையானால் பின்னால் 17 வையுங்கள். இறக்கத்தில் கால்கள் பெடலோடு சேர்ந்து எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டியிருக்கும் என்பதைப் புதியவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு வரப்போகிறதென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 48-க்கு 16 என்பது மூன்றுக்கு ஒன்று. எப்போதும் ஒரே காலை முன்னே வைத்துச் சறுக்குபவருக்கு, டயரில் ஒரே இடம்தான் ஒவ்வொரு முறையும் தரையில் தேயும், விரைவில் உள்நூல் தெரிய ஆரம்பிக்கும். அதே 48-க்கு 17 வைத்தால் தேய்மானம் 17 இடங்களில் பரவும்.

கேள்வி: ஓடுதளப் பந்தய வண்டிகளில் பிரேக்கே இல்லையே. பெடலாலேயே நிறுத்த முடியும் என்றால் பழைய பிரேக்கைக் கழற்றிவிடலாமா? தோற்றமும் எடுப்பாக இருக்கும்.

பதில்: ஓடுதளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை. தெருவில் முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள். வேகம் குறையும்போது உடலின் எடை முன்சக்கரத்துக்கு மாறிவிடுவதால் பின்சக்கரம் தரையை இறுகப் பற்ற முடியாமல் சறுக்குகிறது; எவ்வளவு கால் பலம் இருந்தாலும், முன் பிரேக் பிடித்து நிற்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தூரம் தேவைப்படும். பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டு விதிகள்கூட ஃபிக்ஸட் கியர் வண்டிக்கு முன்சக்கரத்தில் பிரேக் இருந்தாக வேண்டும் என்றே சொல்கின்றன. பின் பிரேக்கைக் கழற்றுவது உங்கள் விருப்பம். பெடலில் காலைப் பிடித்து வைக்கும் வார் அவசியம். அது இல்லாமல் எதிர்த்து அழுத்தினால் கால் நழுவி, சுழலும் பெடல் கணுக்காலில் அடிக்கும்.

கேள்வி: மாற்றி முடித்துவிட்டேன். ஆனால் செயின் ஓரிடத்தில் விறைப்பாகவும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் இருக்கிறது. செயின் பழுதா?

பதில்: பெரும்பாலும் முன் பல்சக்கரம் கிராங்கின் மையத்தில் சரியாக உட்காராததே காரணம். கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக விறைப்பாகும் இடத்தில் நிறுத்துங்கள். பல்சக்கரத்தின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, செயினின் மேல் ஸ்பேனர் பிடியால் இலேசாகத் தட்டினால் பல்சக்கரம் இம்மி நகரும். மறுபடி சுற்றிப் பார்த்து, திருப்தியானதும் போல்ட்டுகளை முடுக்குங்கள். மிக விறைப்பான இடத்திலும் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசைய வேண்டும். ஒரு சென்டிமீட்டர் வரை பரவாயில்லை. இந்த வேலையின்போது சக்கரத்தை வேகமாகச் சுற்றவிட்டுச் செயினைத் துணியால் துடைக்கவே கூடாது. சாதாரண சைக்கிளில் விரல் மாட்டினால் செயின் நின்றுவிட வாய்ப்புண்டு. இதிலோ சக்கரத்தின் வேகம் முழுவதும் விரலைப் பல்லுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

கேள்வி: கியர் மாற்றி தொங்கும் காது இனி எதற்கு? அறுத்து, ராவி, வண்ணம் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அதன் எடை அற்பம். ஃப்ரேமின் குழாயில் ரெனால்ட்ஸ் 531 என்றோ கொலம்பஸ் என்றோ, உயர்தர எஃகுக் குழாயைக் குறிக்கும் ஒட்டுப்படம் தெரிந்தால் அரத்தைத் தொடவே தொடாதீர்கள். கழற்றிய கியர் மாற்றி, பெரிய பல்சக்கரம், பழைய சக்கரம் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிக் கட்டி வைத்துவிட்டால், மாமா கேட்கும் நாளில் வண்டியைப் பழையபடி பூட்டிக் கொடுக்க ஒரு பகல் வேலைதான் ஆகும்.