தலைநகரில் நடக்கும் பெரிய பேரணிக்கு முதல் தடவையாகப் போகிறேன், பயமாக இருக்கிறது. போனவர்கள் அனுபவம் சொல்வீர்களா?

உங்கள் கேள்வியைப் படித்ததுமே வீட்டு நிலவரம் எனக்குப் புரிந்துவிட்டது. வயது இருபத்திரண்டு இருபத்துமூன்று இருக்கும். அம்மாவிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டீர்கள், சொன்னாலும் கூட்டாளி வீட்டில் பிறந்தநாள் என்றுதான் சொல்வீர்கள். நான் போனபோது எனக்கு முப்பத்தொன்பது. கல்யாணமாகி ஒன்பது வயதில் மகள். அப்படியும் முதல் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் உங்கள் பயத்தை நான் கேலி செய்யப் போவதில்லை.

முதலிலேயே ஒன்று. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, எவனிடமும் காசு வாங்கவில்லை, ரயில் டிக்கெட்டை நானே வாங்கினேன். இதை எழுதினால் கீழே யாராவது வந்து "நாட்டை விற்கிறவர்கள்" என்று ஆரம்பிப்பார்கள், அவர்களுக்காகத்தான் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் போனது மலேசியத் தலைநகர் கோலாலம்பூரில் நடந்த பெர்சே 4, நேர்மையான தேர்தலும் சுத்தமான ஆட்சியும் கேட்டு நடந்த பேரணி. 2015 ஆகஸ்டு 29 சனிக்கிழமை மதியம் 2 மணிக்குத் தொடங்கி 30ஆம் தேதி நள்ளிரவு வரை, 34 மணி நேரம். மறுநாள் மெர்டேக்கா, அதாவது சுதந்திர தினம். அந்த வருடம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை. ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது, ஆகஸ்டில் ஒரு டாலருக்கு நாலு வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிட்டது. பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் 2.6 பில்லியன் வெள்ளி வந்தது என்று ஜூலையில் செய்தி வந்தது, கேட்டதற்கு நன்கொடை என்றார்கள். கேள்வி கேட்ட துணைப் பிரதமருக்கும் பதவி போனது. மாமாக் கடையில் தே தாரிக் (பால் தேநீர்) குடிக்கும்போதுகூட இதே பேச்சு.

பேரணிக்கு இரண்டு நாள் முன்னால் 'பெர்சே 4' என்று போட்ட மஞ்சள் சட்டைக்கு உள்துறை அமைச்சு தடை போட்டது. என்னிடம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அலமாரியில் மடித்து வைத்திருந்த ஒரு பனியன் திடீரென்று குற்றமாகிவிட்டால் வயிறு எப்படிப் புரளும் என்று பார்த்திருக்கிறீர்களா? கடைசியில் அதைப் போட்டுக்கொண்டு மேலே நீலக் கோடு போட்ட ஆபீஸ் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டேன். உச்சி வெயிலில் இரண்டு சட்டை. இந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள்.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கிருந்த பயம் போலீஸ் மீது மட்டும் இல்லை, என் தம்பி மீதும்தான்.

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராஃப் அமைப்பு நடத்திய பேரணி. பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுப்பதாகச் சொல்லி ஜாலான் அம்பாங் பக்கம் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், சிலர் கையில் காந்தி படம். கண்ணீர்ப் புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும்தான் கிடைத்தது. என் தம்பிக்கு அப்போது இருபத்து நாலு வயது. விடியும் முன்னே எங்களிடம் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் சாயங்காலம் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தான். பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான், அரை மணி நேரம். அம்மா அவன் சட்டையை மூன்று தடவை துவைத்தும் அந்த நாற்றம் போகவில்லை. அப்பா கத்தினார். "உனக்கெதுக்குடா இதெல்லாம், படிச்சமா வேலைக்குப் போனமான்னு இல்லாம." நான் மூத்தவன், ஒரு வார்த்தை அவனுக்காகப் பேசியிருக்கலாம். "அப்பா சொல்றது சரிதான், என் ஆபீஸ்ல தெரிஞ்சா எனக்கும் சேர்த்துத்தான் பிரச்சினை" என்றேன். தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைத் திரும்பிப் பார்த்தான். பதிலே சொல்லவில்லை.

அடுத்த மாதம் இண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை, விசாரணை இல்லாமலே அடைத்து வைக்கும் இசா சட்டத்தில் உள்ளே போட்டார்கள், 2008 மார்ச்சில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, எல்லாரும் இண்ட்ராஃப் இண்ட்ராஃப் என்று பெருமை பேசினார்கள், நானும் ஆபீஸில் "என் தம்பி போனான் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டேன். அவனிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எட்டு வருடம் கழித்து பெர்சேவுக்கு வருகிறாயா என்று நான் போய்க் கேட்டால் அவன் என்ன சொல்வான்? "அன்னிக்கி நீ எங்க இருந்த?" என்றான். அவ்வளவுதான். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

ஆனால் சனிக்கிழமை காலையில் வாசலில் அவன் மோட்டார் நின்றது. கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் திணித்தான். உள்ளே ஒரு சின்னத் துண்டு, ஒரு போத்தல் தண்ணீர், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பொட்டலத்தில் கல்லுப்பு. புகை அடித்தால் துண்டை நனைத்து மூக்கில் வை, உப்பை நாக்கில் போடு என்றான். மருத்துவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உப்பு வைத்தியம் இல்லை, அது பேரணிக்காரர்களின் நம்பிக்கை. "காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாத்து ஓடு, கூட்டம் ஓடுற பக்கம் ஓடாத" என்றும் சொன்னான். அவன் இதுவரை எனக்குச் சொன்ன நீளமான அறிவுரை அதுதான்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் வழியாக நடந்தேன். கூடச் சொன்ன ஐந்து இடங்களில் அதுவும் ஒன்று. பூக்கடை, பாட்டுக் கடை எல்லாம் வழக்கம்போல இருந்தது, நடுவில் மட்டும் மஞ்சள் ஆறு. அங்கேயே என் நீலச் சட்டையைக் கழற்றிப் பையில் போட்டேன். சுற்றிலும் இத்தனை பேர் போட்டிருக்கும்போது என்னை மட்டும் தனியாக எங்கே தேடப்போகிறார்கள்? பயம் போவது வீரத்தால் இல்லை தம்பி, எண்ணிக்கையால்தான். இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

மெர்டேக்கா சதுக்கத்துக்கு மாநகர் மன்றம் அனுமதி தரவில்லை. தேசிய தின ஏற்பாடு என்று தடுப்பு போட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர்கள் அதைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னார்கள், நாங்களும் தாண்டவில்லை. பசார் செனி, மஸ்ஜித் ஜாமெக் பக்கத் தெருக்களில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். 2011, 2012 பெர்சேக்களில் புகை, தண்ணீர் எல்லாம் அடித்தார்கள். இந்தத் தடவை போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி. எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். போலீஸ் கணக்கும் ஏற்பாட்டாளர் கணக்கும் ஒட்டவே ஒட்டாது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெருமுனை தெரியவில்லை, என் கணக்கு அவ்வளவுதான்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பேரணி என்றால் பாதி நேரம் தார் ரோட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பதுதான். வுவுசேலா சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மேடைப் பேச்சு நாலு வார்த்தையில் ஒரு வார்த்தை வந்து சேரும், கூட்டம் "ஹிடுப்!" (வாழ்க!) என்றால் நீங்களும் "ஹிடுப்!" என்பீர்கள், எதற்கு என்று பிறகுதான் விசாரிக்க வேண்டும். கழிவறைக்கு நாற்பது நிமிட வரிசை. போன் லைன் சுத்தமாகக் கிடைக்காது, கூட்டாளிகளோடு போனால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள். வீட்டு நம்பரை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள், ஐசியை (அடையாள அட்டையை) மறக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், பதினைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று 2012 சட்டமே இருக்கிறது. என் மகள் நானும் வருவேன் என்று அழுதாள், சட்டத்தைக் காட்டித்தான் தப்பித்தேன்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். அன்று நான் பதினோரு போட்டோவில் இருக்கிறேன். கூட்டத்தில் சீனர்கள் அதிகம், பாஸ் என்ற இஸ்லாமியக் கட்சி வராததால் மலாய்க்காரர்கள் முந்தைய பெர்சேக்களைவிடக் குறைவு, நம் ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றும். மூன்று இனமும் சேர்ந்த படம் எல்லாருக்கும் வேண்டும். ஒரு சீனப் பையன் ஓடி வந்து "அங்கிள், ஒரு இந்தியன் வேணும், வர முடியுமா?" என்று மலாயில் கேட்டான். துடுங் (தலைத்துணி) போட்ட ஒரு மலாய்ப் பெண்ணையும் இப்படித்தான் பிடித்து வந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் நாலாவது போட்டோவுக்குள் பழகிவிட்டோம், "லாகி?" (இன்னுமா?) என்று அவள் கேட்பாள், "லாகி" என்று நான் எழுந்திருப்பேன். முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஏழாவது போட்டோவில் எரிச்சல் வந்தது. எட்டு வருடம் முன்னால் ஜாலான் அம்பாங்கில் அத்தனை இந்தியர் நின்றபோது படம் எடுக்க யார் வந்தார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம், அன்று நானே போகவில்லையே, எந்த முகத்தோடு கேட்பது?

இருட்டின பிறகு திடீரென்று ஒரே சலசலப்பு. மகாதீர் வந்திருக்கிறார், மனைவியோடு. பலர் கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த அறுபது வயதுச் சீனர் மட்டும் தட்டவில்லை. "1987" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஓப்பராசி லாலாங் என்ற போலீஸ் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து உள்ளே வைத்தது இவர் பிரதமராக இருந்தபோதுதான். நான் தட்டினேனா என்றால், பாதி தட்டினேன்.

கணக்குக் கேட்பது என்று வந்ததும் இதையும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இல்லாவிட்டாலும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு கோயில், பெயர் வேண்டாம். மூன்று வருடமாகத் திருவிழாக் கணக்கு காட்டவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, அன்னதானத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது, மைக் செட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்டேன். "நன்கொடைக்குக் கணக்குக் கேப்பாங்களா தம்பி" என்றார் பொருளாளர். அடுத்த வருடம் அப்பா காலத்திலிருந்து எங்கள் குடும்பம் செய்துவந்த ஐந்தாம் நாள் உபயம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. பெர்சேவுக்குப் போனேன் என்று என் தோளைத் தட்டிய ஆட்கள் அந்தக் கூட்டத்திலும் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பில்லியன் கணக்குக் கேட்பது சுலபம், அரிசி மூட்டைக் கணக்குக் கேட்டுப் பாருங்கள். விடுங்கள், ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

"போய் என்ன கிழித்தீர்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியம்மா மகன் இன்னும் கேட்பார். மறுநாள் ஒன்றும் மாறவில்லை, உண்மை. ஆட்சி மாறியது 2018 மே 9இல், ஓட்டுப் போட்டு. நஜிப் சிறைக்குப் போனது 2022 ஆகஸ்டில், நீதிமன்றத்தால். நான் ரோட்டில் உட்கார்ந்ததால்தான் இதெல்லாம் நடந்தது என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் அந்த ராத்திரி அதே தார் ரோட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கியதைப் பார்த்தேன். யாரோ ஒருவர் கறுப்புப் பையோடு காலி போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு, தூங்குகிறவர் கால் மேல் படாமல் குனிந்து குனிந்து போனார். அதைப் பார்க்காதவரோடு எனக்கு வாக்குவாதம் இல்லை.

இன்னொன்றும் ஒத்துக்கொள்கிறேன். 34 மணி நேரமும் நான் இருக்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கே இடுப்பு விட்டுப்போய்க் கிளம்பிவிட்டேன், பதினெட்டு மணி நேரம்தான். நள்ளிரவில் எல்லாரும் தேசிய கீதம் நெகாராகூ பாடியதை வீட்டில் போனில்தான் பார்த்தேன். அடுத்த வருடம் பெர்சே 5க்குத் தம்பி வந்தானா என்று கேட்பீர்கள். வரவில்லை. வேலை இருந்தது என்றான்.

ஆனால் அந்த ஞாயிறு காலை நான் திரும்பி வந்தபோது கிள்ளான் ஸ்டேஷனுக்கு வெளியே அவன் மோட்டாரில் உட்கார்ந்திருந்தான். எத்தனை மணிக்கு வருவேன் என்று நான் சொல்லவே இல்லை, லைன்தான் கிடைக்கவில்லையே. எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் பையை வாங்கிப் பார்த்தான். துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"உப்பு எங்க?"

ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சீன ஆன்ட்டி டப்பாவில் கொய்யாக்காய் வெட்டிக் கொண்டுவந்திருந்தார், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று வருத்தப்பட்டார். பொட்டலத்தை நான்தான் பிரித்தேன்.

"கொய்யாக்காயோட தின்னுட்டோம்டா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "முழுசுமா?" என்றான்.