2 லட்சம் பேர் பார்த்தார்கள், பிறகு எங்கே போனார்கள்?

கேள்வி: ஒன்றரை வருடமாக யூடியூபில் நீர்வண்ண ஓவியப் பாடங்கள் போடுகிறேன். ஒரே ஒரு ஷார்ட்ஸ் (குறு வீடியோ) 2 லட்சம் பார்வைகளைத் தொட்டது. முழுப் பாடங்களோ முந்நூறைத் தாண்டுவதே பெரும்பாடு. தினமும் ஷார்ட்ஸ் போட்டால்தான் கிரியேட்டராக நிலைக்க முடியும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்களுக்கு அது சரிப்படாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே, 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகள், இல்லையென்றால் 12 மாதத்தில் மக்கள் உங்கள் வீடியோக்களைப் பார்த்த நேரம் மொத்தம் 4,000 மணி. முதல் வழியில் போனால், அந்த 2 லட்சம் அதிசயம் மூன்றே மாதத்தில் 50 முறை நடக்க வேண்டும்! இரண்டாவதில், ஒருவர் சராசரியாக 6 நிமிடம் பார்த்தால் வருடத்துக்கு 40,000 பார்வைகள் போதும். வாரத்துக்குச் சுமார் 770. பழைய பாடங்களுக்கு இப்போது கிடைக்கும் பார்வையும் இதில் சேரும். ஆனால் ஷார்ட்ஸ் ஃபீடில், அதாவது விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் வரிசையில், ஓடிய நேரம் சேராது. பலர் இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த 2 லட்சம் பேர் உங்களைத் தேடி வரவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனவர்கள் முன் அல்காரிதம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது, அவ்வளவுதான். அந்த ஷார்ட்ஸில் 'தொடர்புடைய வீடியோ'வாக முழுப் பாடத்தை இணைத்திருந்தீர்களா? இல்லையென்றால் இன்றே இணையுங்கள்.

அடுத்து, அந்த முந்நூறு பேர். சேனல் நடத்துகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில், பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று காட்டும் வரைபடம் இருக்கிறது. முதல் அரை நிமிடத்திலேயே கோடு சரிந்தால், வணக்கமும் சுயபுராணமும் நீளம் என்று அர்த்தம். (சேனல் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும்.) ஈரத்தாளில் தூரிகை படும் இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஒரே தளத்தை நம்பியும் இருக்காதீர்கள். ஆறு நொடி வீடியோக்களுக்கான வைன் செயலி 2013இல் வந்து, 2017இல் மூடப்பட்டது. பார்வையாளர்களை வேறு தளங்களுக்கும் பழக்கியிருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதனால் மூல வீடியோக்களை உங்கள் வன்தட்டில் வையுங்கள். பயிற்சித் தாள் வேண்டுமென்று கேட்பவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, மின்னஞ்சல் முகவரி வாங்கி வையுங்கள்.

கிரியேட்டர் என்ற பட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நீங்கள் ஓவிய ஆசிரியர். சேனல் உங்கள் வகுப்பறை. இரண்டு வாரத்துக்கு ஒரு பாடம், அதிலிருந்தே வெட்டிய இரண்டு ஷார்ட்ஸ் என்று மூன்று மாதம் போடுங்கள். அதற்குப் பிறகு ஸ்டுடியோவைத் திறந்தால், பார்வை எண்ணிக்கைக்கு முன்னால், திரும்ப வந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.