விசாரிப்பவரை மாற்றும் அதிகாரம் யாரிடம்?

கேள்வி: ‘ஊழலை ஒழிப்போம், நல்லாட்சி தருவோம்’ என்று சொல்லாத கட்சி உலகத்தில் எங்கும் இல்லை. ஜெயித்ததும் முந்தைய ஆட்சிக்காரர்களைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். அடுத்த தேர்தலில் அவர்கள் வந்து இவர்களைப் போடுகிறார்கள். ஊழல் ஒழிப்பு என்பதே பழிவாங்கலுக்கு வைத்த கௌரவமான பெயர்தானே? நேர்மையான ஒரு தலைவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். சட்டம், ஆணையம் எல்லாம் வெறும் கண்துடைப்பு என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: கேள்வியின் முற்பாதியில் எனக்கு உங்களோடு பெரிய சண்டை இல்லை. பிற்பாதியில் உண்டு.

பழிவாங்கல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நைஜீரியாவின் நிதிக் குற்ற ஆணையத்துக்கு 2003-ல் தலைவராக வந்தவர் நுஹு ரிபாடு என்ற போலீஸ் அதிகாரி. அதிபர் ஒபசாஞ்சோவுக்கு ஆகாதவர்களாகப் பார்த்துத்தான் பிடிக்கிறார் என்று அவர் மீது புகார் இருந்தது. அந்தப் புகாரை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் 2007 டிசம்பரில் அவர் கைது செய்த ஆள் வேறு ரகம்: டெல்டா மாநில முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் இபோரி. அந்த ஆண்டு பதவிக்கு வந்த புதிய அதிபருக்குத் தேர்தலில் தோள் கொடுத்தவர் என்று ஊரே பேசிய புள்ளி. மாதம் முடிவதற்குள் ரிபாடுவுக்கு உத்தரவு வந்தது. ஓராண்டுப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமாம். பதவி நீக்கம் இல்லை, தண்டனை இல்லை, படிக்க அனுப்பினார்கள்! ஓர் அதிகாரியைக் கழற்றிவிட இதைவிட மரியாதையான வழியை நான் கேள்விப்பட்டதில்லை.

2009-ல் இபோரியின் சொந்த மாநிலத்தில் அமர்ந்த நீதிமன்றம் அவர் மீதான 170 குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தது. 2012-ல் லண்டன் நீதிமன்றத்தில் அதே இபோரி குற்றத்தை ஒப்புக்கொண்டு 13 ஆண்டு சிறைத்தண்டனை வாங்கினார். வேண்டாதவர்களை மட்டும் பிடிக்கிறார்கள் என்பதற்காக, பிடிபட்டவர் உத்தமர் ஆகிவிட மாட்டார். பழிவாங்கல் நிஜமாக இருக்கலாம், அதே வழக்கில் திருட்டும் நிஜமாக இருக்கலாம். யார் உள்ளே போனார் என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஆளுங்கட்சியின் ஆளைத் தொட்ட பிறகு அந்த அதிகாரி எத்தனை நாள் நாற்காலியில் இருக்கிறார் என்று பாருங்கள்.

படிக்க அனுப்புவது ஒரு வழி என்றால் பரீட்சை வைப்பது இன்னொரு வழி. இந்தோனேசியாவின் ஊழல் ஒழிப்பு ஆணையம் 2009-ல் பதவியில் இருந்த அதிபரின் சம்பந்திக்கே சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்த அமைப்பு. 2019-ல் அதன் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களை அரசுப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அரசுப் பணியாளர் என்றால் தேசிய உணர்வுத் தேர்வு எழுத வேண்டாமா? எழுதினார்கள். 2021-ல் 50-க்கும் மேற்பட்டவர்கள் ‘தேறவில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரிய வழக்குகளை நடத்திய கைதேர்ந்தவர்களும் அதில் அடக்கம்.

கண்துடைப்பு என்று நீங்கள் சொல்கிற ஆணையத்தைக் கண்டு இவர்கள் ஏன் இந்தப் பாடு படுகிறார்கள்? பல் இல்லாத ஆணையம் என்றால் அப்படியே விட்டுவைக்க வேண்டியதுதானே!

இனி உங்கள் நேர்மையான தலைவர். 2015 ஜனவரியில் இலங்கையில் மைத்திரிபால சிறிசேன வென்றது ‘நல்லாட்சி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத்தான். பதவியேற்று ஏழே வாரத்தில், பிப்ரவரி 27 அன்று, மத்திய வங்கி பிணைமுறி (அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரம்) ஏலம் நடத்தியது. 100 கோடி ரூபாய்க்கு என்று அறிவித்துவிட்டு 1,000 கோடிக்கு ஏற்றுக்கொண்டார்கள். பெரும் பங்கு போய்ச் சேர்ந்தது, புதிதாக நியமிக்கப்பட்ட வங்கி ஆளுநரின் மருமகனோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு. நல்லாட்சி என்ற சொல்லே அந்த நாட்டில் கேலிப் பேச்சாகிப் போனது.

அதே அரசு செய்த இன்னொரு காரியத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2015-ல் அரசியலமைப்பின் 19-வது திருத்தம் வந்தது. லஞ்ச ஆணைக்குழு, பொலிஸ் ஆணைக்குழு போன்றவற்றுக்கு ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்கு ஆள் போட முடியாதபடி இடையில் ஓர் அரசியலமைப்புப் பேரவையை வைத்தார்கள். 2019-ல் ஆட்சி மாறியது. 2020-லேயே 20-வது திருத்தம் கொண்டுவந்து நியமன அதிகாரத்தை மறுபடி ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள். 2022-ல் பொருளாதாரம் சரிந்து மக்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் 21-வது திருத்தம் அதைத் திரும்பப் பிடுங்கியது. பிணைமுறி ஊழலைச் சொல்லி ஓட்டு வாங்கியவர்கள், வந்ததும் வராததுமாகக் கைவைத்த இடம் எது என்று கவனியுங்கள்.

(உலகம் முழுக்க நல்லாட்சிப் பாடம் நடத்திய உலக வங்கியின் கதை தனி. ஊழல் எதிர்ப்பையே தன் அடையாளமாக வைத்திருந்த அதன் தலைவர் பால் உல்ஃபோவிட்ஸ், தன் தோழிக்குச் சம்பள உயர்வு ஏற்பாடு செய்த விவகாரத்தில் 2007-ல் பதவி விலகினார்.)

சரி, எங்காவது தேறியிருக்கிறதா என்று கேட்பீர்கள். ஹாங்காங் தேறியது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 1973-ல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் கணக்கில் வராத சொத்து இருப்பது தெரிந்தது. விளக்கம் கேட்டுக் கெடு வைத்தார்கள். மனிதர் தன் போலீஸ் அனுமதி அட்டையைக் காட்டி விமான நிலையத்தின் குடியேற்றச் சோதனையைத் தாண்டி லண்டனுக்குப் பறந்துவிட்டார். ஊர் கொதித்தது. போலீஸ் ஊழலைப் போலீஸே விசாரித்தால் இதுதான் நடக்கும் என்று, 1974-ல் போலீஸுக்கு வெளியே, நேராகப் பிரிட்டிஷ் ஆளுநருக்கு மட்டும் பதில் சொல்லும் ஆணையத்தை அமைத்தார்கள். காட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து நான்கு ஆண்டு உள்ளே வைத்தார்கள். ஆணையம் அடுத்தடுத்துப் போலீஸ்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியதும், 1977 அக்டோபரில் போலீஸாரே திரண்டு ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களை அடித்தார்கள். ஒரு வாரம்தான். ஆளுநர் மெக்லிஹோஸ் இறங்கி வந்தார்: 1977 ஜனவரி 1-க்கு முன் நடந்தவற்றில், ஏற்கெனவே விசாரணையில் இருப்பவை போன்ற சில தவிர, மற்றவை இனிக் கிளறப்படாது.

பச்சையான பேரம். எத்தனையோ திருடர்கள் ஓய்வூதியத்தோடு தப்பினார்கள். உங்கள் ‘நேர்மையான தலைவர்’ இப்படிச் செய்தால் நீங்களே அவரைக் காறித் துப்புவீர்கள். ஆனால் ஆணையத்தின் அதிகாரத்தில் கைவைக்கவில்லை, அதன் ஆட்களை மாற்றவில்லை, அதற்குப் பிந்தைய குற்றங்களுக்கு விலக்குத் தரவில்லை. எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை விடவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விசாரிப்பவர் மேல் ஆள்பவர் கைவைக்க முடியாதபடி போட்ட இதே தாழ்ப்பாள் சிங்கப்பூரிலும் உண்டு. அங்கே லஞ்ச ஒழிப்புத் துறை பிரதமரின் கீழ்; ஆனால் பிரதமர் விசாரணைக்கு அனுமதி மறுத்தால், அதிபரின் ஒப்புதலோடு துறைத் தலைவர் விசாரிக்கலாம் என்று 1991-ல் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள்.

கடைசியாக குவாத்தமாலா. அங்கே இறக்குமதியாளர் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் போதும், சுங்க வரி குறையும். லஞ்சம் பங்கு பங்காக மேலே போகும். ஐ.நா. ஆதரவோடு 2007 முதல் இயங்கிய ஆணையமும் அரசு வழக்கறிஞர்களும் அந்த அழைப்புகளை ஒட்டுக்கேட்டு வழக்குப் போட, 2015-ல் அதிபர் பெரெஸ் மொலினா ராஜினாமா செய்து சிறைக்குப் போனார். அந்த அலையில், ‘நான் ஊழல்வாதியும் இல்லை, திருடனும் இல்லை’ என்று சொல்லி ஜிம்மி மொராலெஸ் என்ற நகைச்சுவை நடிகர் அதிபரானார். 2017-ல் ஆணையம் அவருடைய தேர்தல் பணத்தை விசாரிக்க அனுமதி கேட்டது. இரண்டே நாளில் ஆணையத் தலைவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார் மொராலெஸ். நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டு, வெளிநாடு போயிருந்த அந்தத் தலைவரைத் திரும்பி வர விடவில்லை. 2019-ல் ஆணையத்துக்கே பூட்டு.

இதற்கிடையில் 2016-ல் ஒரு நல்ல சட்டம் வந்திருந்தது: குற்றத்துக்காக நீதிமன்றம் தண்டித்தால் ஒழியத் தலைமை அரசு வழக்கறிஞரை அதிபர் நீக்க முடியாது. நேர்மையான வழக்கறிஞரைக் காப்பதற்கு எழுதியது. 2018-ல் மொராலெஸ் அந்தப் பதவிக்கு கொன்சுவேலோ போராஸை நியமித்தார். 2022-ல் அடுத்து வந்த அதிபர் அவரையே நீட்டித்தார். ஊழல் விசாரணைகளுக்கு முட்டுக்கட்டை போடுகிறார் என்று அமெரிக்கா அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பழைய வழக்குகளை நடத்தியவர்கள் பலர் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று.

2023-ல் ஊழல் எதிர்ப்பாளர் பெர்னார்டோ அரேவலோ தேர்தலில் வென்று, 2024 ஜனவரியில் பதவியேற்றார். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தவர்தான். போராஸை நீக்க வழி கேட்டு நாடாளுமன்றத்துக்கு மசோதா அனுப்பினார். அங்கே அவருக்குப் பெரும்பான்மை இல்லை. 2016-ன் அந்தப் பிரிவு போராஸுக்கு அரணாக நின்றது. போராஸின் பதவிக்காலம் 2026 மே வரை. உங்கள் கணக்குப்படி, அரேவலோ பதவியேற்ற அன்று மாலையே குவாத்தமாலா சரியாகியிருக்க வேண்டும்.