மடுவுக்கு அம்மாவைக் கூட்டிப் போக தரகர் தேவையில்லை

தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. தம்பி ஆப்பரேஷனிலிருந்து எழும்பினால் ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மன்னார்ப் பக்கத்து மடு மாதா திருத்தலத்துக்கு வருவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். டவுனில் ஒருவர் பஸ், ரூம் எல்லாம் நிச்சயம் என்று அட்வான்ஸ் கேட்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பதினைந்து வருடமாகப் பங்கிலிருந்து மடுவுக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவன் சொல்கிறேன், திருவிழா நேரத்தில் வெளியாள் ஒருவர் ரூம் நிச்சயம் என்றால் நம்பவே கூடாது. தங்குமிடம் திருத்தல நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஒருமுறை பக்கத்துத் தோட்டப் பிரிவுக்காரர்கள் இப்படித்தான் காசு கட்டிப் போனார்கள். கையிலிருந்த துண்டில் "2 ரூம்" என்ற எழுத்தும் ஒரு போன் நம்பரும் மட்டும், சீலும் இல்லை, திகதியும் இல்லை. போய்ச் சேர்ந்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை. இரண்டு ஆச்சிமார் விடியும்வரை மரத்தடியில் அரிசி மூட்டையில் சாய்ந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் பங்குத்தந்தையை நேரே திருத்தலத்தோடு பேசச் சொல்லுங்கள். தோட்டத்துக் கோயிலில் மாதத்துக்கு ஒரு பூசை, அறிவித்தல் வருவதற்குள் திருவிழாவே முடிந்துவிடுகிறது, வருடா வருடம் இதே கதை. அதனால் நீங்களே முந்திக்கொண்டு போய்க் கேளுங்கள். பஸ் பேசினால் டிரிப்புக்கான பெர்மிட்டைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். ரூட்டில் ஓடுகிற பஸ்ஸைச் சும்மா திருப்பிவிட்டுக் கொண்டுவருகிறார்கள், பொலிஸ் நிறுத்தினால் நடுவழியில் நிற்பது நீங்கள்தான்.

திகதி விஷயம் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15க்கு லட்சக்கணக்கில் சனம், வெயில், புழுதி. உங்கள் ஊர்க் குளிரில் இருந்து வருகிற வயதானவருக்கு அது தாங்காது. ஜூலை 2, ஆடித் திருவிழாவும் லேசான கூட்டமில்லை. "நேர்ந்தது 15, மாற்றினால் பாவம்" என்று அம்மா அழுவார், தெரியும். ஒருவர் தனியாகச் செய்த நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கவோ தளர்த்தவோ பங்குத்தந்தைக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. அம்மாவை அவர் முன்னால் உட்கார வைத்து, ஃபாதர் வாயாலேயே சொல்ல வையுங்கள், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். அதுவும் போகுமுன் கேட்க வேண்டும், போய்விட்டு வந்து கேட்டால் மனது உறுத்திக்கொண்டே இருக்கும். அப்படியும் 15தான் வேண்டும் என்றால், 14 மாலை வழிபாட்டோடு வெளியே வந்துவிடலாமா என்றும் ஃபாதரிடமே கேளுங்கள்.

15க்குப் போனால் எப்படியும் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போகும், ஆகஸ்ட் 15 அரசாங்க லீவும் இல்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை. திகதியை மாற்றினால், போயாவும் (பௌர்ணமி லீவு) ஞாயிறும் ஒட்டி வருகிற வாரம் பாருங்கள். கண்டி, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாக வேனில் போங்கள். மடு றோட் சந்தியிலிருந்து கோயில் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ளே இருக்கிறது. சந்தியில் இறக்கிவிட்டு "வந்தாச்சு" என்பார்கள், இறங்காதீர்கள்.

பக்கத்தில் இத்தனை கோயில் இருக்க ஏன் மடு என்று தம்பி கேட்கிறாராம். 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து ஓடிய சனம் தூக்கிக்கொண்டு வந்த மாதா சுரூபம் அங்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்முடைய பூட்டன் பாட்டிமாரும் மன்னார்ப் பக்கம் இறங்கி அந்தக் காட்டு வழியாகத்தான் மாத்தளைக்கு நடந்தார்கள். 2023இல் அந்த வருகையின் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் திரும்ப நடந்தது தம்பிக்கு நினைவிருக்கும். அம்மாவுக்கு அது வெறும் டிரிப் இல்லை.

மடு மண்ணை அம்மா கட்டாயம் முந்தானையில் முடிந்துகொள்வார், பாம்புக்கடிக்கு நல்லது என்ற நம்பிக்கை. முடியட்டும். ஆனால் கொழுந்து எடுக்கும்போது தேயிலைத் தூரில் பாம்பு கடித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவருக்கும் சொல்லுங்கள், அதே மலையில் கொழுந்து எடுக்கிற மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.