சரிவு மனை, உப்புக் காற்று, மூன்று தலைமுறை வீடு

கே: சாலையிலிருந்து ஆற்றுப் பக்கம் 7 அடி இறங்கும் மனை. கீழே அப்பா அம்மாவுக்கு அறை கட்டி, ராம்ப் (சாய்தளம்) போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா? (எண்ணூர்)

ப: வேண்டாம். சக்கர நாற்காலி ஏற ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். 7 அடிக்கு 84 அடி ராம்ப். உங்கள் மனையே அவ்வளவு நீளம் இருக்காது. பெரியவர்களின் அறை, கழிவறை, சமையலறை மூன்றையும் சாலை மட்டத்தில் ஒரே தளமாக வையுங்கள். கழிவறைக் கதவை இரண்டரை அடியில் முடித்துவிடுவார்கள். நிலைக்குள் 3 அடி திறப்பு கேளுங்கள். கீழ்மட்டத்தைத் தூண்களோடு விட்டு வண்டி நிறுத்தலாம், துணி காயப்போடலாம். அங்கே ஸ்விட்ச் போர்டும் சம்ப்பும் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த நீர் புகுந்ததே, அது சம்ப்பில் இறங்கினால் குடிக்க என்ன இருக்கும்?

கே: போர் தண்ணீர் கரிக்கிறது. கான்கிரீட் கலக்க, நனைக்க மட்டும் பயன்படுத்தலாமா?

ப: கூடாது. உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும்.

கே: மண் நிரப்பி, 9 அங்குலச் செங்கல் சுவரையே தாங்குசுவர் என்று கட்டிக் கொடுத்தார் கான்ட்ராக்டர். ஒரே மழையில் வயிறு தள்ளிவிட்டது. நகையை அடகு வைத்த பணம் ஐயா. (திருவொற்றியூர்)

ப: உங்கள் மேல் தவறில்லை அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நனைந்த மண்ணின் தள்ளலைக் காம்பவுண்ட் சுவர் தாங்காது. சுவரடியில் பிள்ளைகளை விடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, பொறியாளரை வைத்துப் பின்மண்ணை மேலிருந்து இறக்குங்கள். புதிய சுவர் கருங்கல்லிலோ ஆர்.சி.சி.யிலோ, அடிப்பாகத்தின் அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். 5 அடிக்கு ஒரு 3 அங்குலக் குழாய், அதன் பின்னால் ஜல்லி. நீர் வடிய வழியில்லாத சுவர்தான் சாய்கிறது. ஒப்பந்தம், ரசீது, படங்களோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை.

கே: பாட்டிக்காகப் போட்ட எஸ்.எஸ். கைப்பிடி ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிட்டது. காந்தம் ஒட்டாததைக் காட்டித்தான் 304 (துருவை நன்கு தாங்கும் கிரேடு) என்று விற்றார்கள். (காசிமேடு)

ப: இந்தக் கரையோரத்தில் என் வயிறு எரியும் விஷயம் இது. மலிவு கிரேடான 202-க்கும் காந்தம் சரியாக ஒட்டாது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். பேட்டரி வைத்து, உலோகத்தில் ரசாயனச் சொட்டு விட்டுச் செய்யும் சோதனையில் சிவந்தால் அது 202 போன்ற மாங்கனீஸ் மிகுந்த வகை. வாங்குமுன் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள், பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் வாங்கிய மாடிக் கைப்பிடியில் இரண்டே மழைக்காலத்தில் வெல்டிங் வைத்த இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. அலைக்காற்று நேரே படும் இடத்தில் அசல் 304-கூடக் கறைபடும். அங்கே உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 போடுங்கள். குழாய் ஒன்றரை அங்குல அளவில் இருக்கட்டும், மிகவும் பருத்தால் பாட்டியின் கை முழுதாகப் பிடிக்காது. உயரம் 3 அடி. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடையுங்கள்.

கே: கழிமுகம் ஓரம் மலிவாக மனை. அப்ரூவல் வந்துவிடும் என்றார் புரோக்கர், 2 லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன பார்க்க வேண்டும்?

ப: கொடுப்பதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். அலை ஏறி இறங்கும் ஆற்றங்கரையும், கட்டடம் கட்டக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் வரும். சர்வே எண்ணை, அந்த எல்லையைக் காட்டும் கடலோர மேலாண்மை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று இரண்டும் கைக்கு வரும்வரை இன்னொரு ரூபாய் கொடுக்காதீர்கள்.