மகளைப் பார்க்க விடவில்லை: சமரச மையமா, நீதிமன்றமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பதினோரு மாதங்களுக்கு முன் மனைவி, மகளை அழைத்துக்கொண்டு மதுரையில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். விவாகரத்து வழக்கு எதுவும் இல்லை. முதல் இரண்டு மாதம் மகளுடன் போனில் பேச விட்டார்கள். இப்போது அதுவும் இல்லை. இரண்டு முறை நேரில் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். கோபத்தில், மாதாமாதம் அனுப்பிய பணத்தையும் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கே போய் மகளை அழைத்து வந்துவிடு, பிறகு அவர்களே பேச வருவார்கள் என்கிறார் அண்ணன். சேர்ந்து வாழ மனு போடலாம் என்கிறார் வக்கீல். சமரச மையத்தில் காலம்தான் வீணாகும் என்கிறார்கள். மகளும் என்னிடம் பேச விரும்பவில்லை என்று மனைவி சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் அவளுக்கு எட்டாவது பிறந்தநாள். அன்றைக்காவது பார்க்க முடியுமா?

பதில்: உங்கள் அண்ணன் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். பள்ளி வாசலில் குழந்தையைத் தூக்கி வந்தால், அவர்கள் பேச வர மாட்டார்கள். குழந்தையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். அந்த மனு நிற்குமா, தள்ளுபடியாகுமா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு எந்த நீதிபதி முன் போய் நின்றாலும், நீங்கள் மகளைப் பார்க்க முடியாமல் தவிக்கும் தகப்பன் இல்லை, பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு போனவர். குழந்தையும் அந்த நாளை மறக்காது.

இரண்டாவது, பணம். நாளைக்கே அனுப்புங்கள், வங்கி வழியாக. நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து அனுப்ப முடிந்தால் நல்லது. குழந்தையைக் காட்டினால்தான் பணம் என்பதும், பணம் தந்தால்தான் குழந்தையைக் காட்டுவேன் என்பதும் சட்டத்தில் ஒன்றுபோலவே தவறு. பராமரிப்புத் தொகை குழந்தைக்கு உரியது, தகப்பனைப் பார்ப்பதும் குழந்தைக்கு உரியது. ஒன்றுக்கு ஒன்றை அடகு வைக்க இரண்டு பேருக்குமே அதிகாரம் கிடையாது. குறுக்கு விசாரணையில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே இந்தப் பணத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். சேர்ந்து வாழ மனு போடுவது, மனைவியோடு சேர்ந்து வாழ நீங்கள் உண்மையிலேயே விரும்பினால் மட்டும் சரி. அந்த வழக்கு நடக்கும்போது இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்கீழ் குழந்தையைப் பார்க்க உத்தரவு கேட்கலாம் என்பதற்காகவே அதைப் போடுவது மூக்கைச் சுற்றித் தொடும் வேலை. நேரான வழி 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் காப்புக் குழந்தைகள் சட்டம். எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். விவாகரத்து வழக்கு இருக்க வேண்டிய தேவையும் இல்லை. குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அங்கேதான் மனு. உங்கள் மகள் மதுரையில் படிக்கிறாள் என்பதால் மதுரைக் குடும்ப நல நீதிமன்றம். திருப்பூரில் போட்டுவிட்டு, எல்லை தொடர்பான ஆட்சேபத்திலேயே மாதங்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரதான மனுவோடு, வழக்கு முடியும்வரை குழந்தையைச் சந்திக்கவும் போனில் பேசவும் கோரும் இடைக்கால மனுவையும் சேர்த்தே போடுங்கள். பலன் முதலில் கிடைப்பது அதில்தான்.

சமரச மையத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. வர விருப்பமே இல்லாதவரை அழைத்து வைத்துப் பேசினால் காலம் வீணாகத்தான் செய்யும். ஆனால் சமரசமா வழக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தவறு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, இணக்கம் ஏற்பட வழியிருந்தால் முதலில் அதற்கு முயல்வது நீதிபதியின் கடமை. மனுப் போட்டால் உங்கள் கோப்பு ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ போவதற்கு வாய்ப்பு மிக அதிகம். அதாவது வழக்குப் போட்டாலும் சமரசம் உண்டு. சம்மன் போனதால் எதிர்த்தரப்பும் வந்து உட்காரும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தின் கிளைகள் இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் இயங்குகின்றன. நீதிமன்றம் அனுப்பி வைக்கும் சமரசத்துக்குக் கட்டணம் இல்லை.

வழக்கே இல்லாமல் பேசிப் பார்க்க வேண்டுமென்றால், மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் இருதரப்பையும் அழைப்பார்கள். அங்கே உடன்பாடு ஏற்பட்டு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால், அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உங்கள் நிலையில் நான் இதை ஒரு முறை, ஒரே முறை, முயன்று பார்ப்பேன். ஆணைக்குழு இரண்டு தடவை அழைத்தும் மனைவி தரப்பினர் வரவில்லையென்றால், அடுத்த வாரமே குடும்ப நல நீதிமன்றம். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதும் ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். அதை மீறினால் கேட்க ஆள் இல்லை.

சமரச அறையில் என்ன நடக்கும்? சமரசர் தீர்ப்பு சொல்ல மாட்டார். இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கேட்பார். அங்கே பேசியது ரகசியம். உடன்பாடு வராவிட்டால், வரவில்லை என்ற ஒரு வரிதான் நீதிபதிக்குப் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர் குழந்தையிடம் பேசி எழுதும் அறிக்கைக்கு அந்த ரகசியம் பொருந்தாது. குழந்தையின் நலன் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆலோசகர் அறையில் மனைவியின் தாயைப் பற்றிப் பொரிந்து தள்ளிவிட்டு, அது வெளியே வராது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அங்கே போகும்போது கையில் ஒரு தாள் இருக்கட்டும். "என் குழந்தை, எனக்கு உரிமை இல்லையா" என்று கேட்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நாள், நேரம், இடம் எழுதிக்கொண்டு போகிறவருக்கு ஏதாவது கிடைக்கிறது. பதினோரு மாதம் பார்க்காத குழந்தை முதல் வாரமே உங்களோடு திருப்பூர் வந்து தங்காது. எனவே முதல் ஆறு வாரம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம், மதுரையிலேயே, குழந்தைக்குப் பழகிய பூங்காவிலோ இருவருக்கும் பொதுவான உறவினர் வீட்டிலோ. நீதிமன்ற வளாகத்தில் பார்க்கச் சொன்னாலும் மறுக்க வேண்டாம். அது நல்ல இடம் இல்லைதான், ஆனால் தொடக்கம். அடுத்த இரண்டு மாதம் மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை முதல் மாலை வரை. அதன் பிறகே இரவு தங்கல். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளை எப்படிப் பிரிப்பது? தீபாவளி ஓராண்டு உங்களிடம் என்றால் பொங்கல் அவரிடம், மறு ஆண்டு மாற்றி. உங்கள் குலதெய்வக் கோயில் திருவிழா எந்த மாதம்? அதையும் இப்போதே எழுதுங்கள். பின்னால் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மாதிரி நாள்களில்தான்.

வீடியோ அழைப்பையும் கேளுங்கள். யசிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல், நேரில் சந்திப்பதோடு தொடர்பில் இருக்கும் உரிமையும் குழந்தையின் வளர்ச்சிக்கு முக்கியம், பிரிந்திருக்கும் பெற்றோர் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது பேச முடிய வேண்டும் என்றது. உங்களுக்கு நான் வாரத்தில் மூன்று நாள், இரவு ஏழரை மணி என்று எழுதுவேன். தினமும் என்றால் ஒரு வீட்டுப்பாடம், ஒரு காய்ச்சல் போதும், உத்தரவு மீறப்பட்டதாகிவிடும். யார் எண்ணுக்கு அழைப்பது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு சந்திப்பு தவறினால் அதற்கு ஈடான நாள் எது, பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் போகலாமா, மதுரைக்கு வந்து போகும் செலவு யாருடையது என்பவையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

மகளுக்கே விருப்பமில்லை என்ற பேச்சு. அது உண்மையாகவும் இருக்கலாம், சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். மனைவி குழந்தையின் மனதைக் கெடுக்கிறார் என்று மனுவில் பத்தி பத்தியாக எழுதாதீர்கள். தகுந்த ஆதாரம் இல்லாமல் பெற்றோரில் ஒருவர்மேல் அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. நீதிபதி மகளைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசக்கூடும். ஏழு வயதுக் குழந்தையின் சொல்லுக்கு மதிப்பு உண்டு, அதுவே முடிவாகிவிடாது.

மகளை உங்களிடமே ஒப்படைக்கக் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் என்ற, 1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் விதி உங்கள் மகளின் வயதுக்குப் பொருந்தாதுதான். ஆனாலும் தாயிடம் நன்றாகப் படித்துக்கொண்டிருக்கும் குழந்தையை இடம் மாற்ற வலுவான காரணம் வேண்டும். பார்க்கும் உரிமையைக் கேட்கப் போய், மொத்தத்தையும் கேட்டால் எதிர்த்தரப்பு பயந்து கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தும். இந்த உத்தரவுகள் கல்வெட்டும் அல்ல. சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே, குழந்தைகள் பெற்றோரின் விளையாட்டுப் பொருள்கள் அல்லர் என்றும், இவ்வகை உத்தரவுகள் சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்றும் சொல்லப்பட்டுவிட்டது.

உத்தரவு வந்தும் காட்டவில்லை என்றால்? 1890-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்றம் சொல்லியும் குழந்தையைக் கொண்டுவராதவருக்கு விதிக்கும் அபராதம் நூறு ரூபாய், பிறகு நாளொன்றுக்குப் பத்து ரூபாய், மொத்தம் ஐந்நூறுக்கு மேல் போகாது. அந்தக் காலத்தில் அது பெரிய பணம். இன்று மதுரைக்கு ஒரு முறை போய்வரும் செலவு. ஆனால் அதே பிரிவில் சிவில் சிறையும் இருக்கிறது. நிறைவேற்று மனு, ஓராண்டுக்குள் தொடர வேண்டிய நீதிமன்ற அவமதிப்பு மனு ஆகியவையும் உண்டு. இவற்றைக் கையில் வைத்திருங்கள், உடனே வீசாதீர்கள். முதல் மீறலுக்குத் தவறிய நாளுக்கு ஈடான நாள் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் எந்த நேரத்தில் போனீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

இதைப் படிக்கும் பெண்களில் சிலர், அடியும் மிரட்டலும் தாங்காமல் குழந்தையோடு வெளியேறியவர்களாக இருக்கலாம். உங்களுக்குச் சட்டம் வேறு. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பைக் கேட்கலாம். சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்றால் அவர் அதை மறுக்கவும் செய்யலாம். அப்படிப்பட்டவரோடு சமரச மேஜையில் உட்கார வேண்டிய கட்டாயமில்லை. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100.

பிறந்தநாளுக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்குள் முழு உத்தரவு கிடைக்காது. ஆனால் அந்த ஒரு நாளுக்கு மட்டும், மாலை நான்கு முதல் ஆறு வரை என்று நேரம் குறித்து, தனியாக ஓர் இடைக்கால மனுப் போடச் சொல்லுங்கள். பெரிதாகக் கேட்பவருக்குத் தவணை கொடுக்கும் நீதிபதிகள், பிறந்தநாளில் இரண்டு மணி நேரம் என்பதை எளிதில் தள்ளுவதில்லை. அதற்கு முன்பாக மனைவிக்கு நீங்களே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: அன்று இரண்டு மணி நேரம் பார்க்க விரும்புகிறேன், இடத்தை நீங்களே சொல்லுங்கள். பழைய கணக்கு எதுவும் அதில் வேண்டாம். அவர் சம்மதித்தால் மனுவே தேவைப்படாது. மறுத்தால் அந்தச் செய்தி மனுவோடு இணைக்கப்படும். பரிசை வாங்கி வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் போகும் அதே வாரத்தில் அதைக் கூரியரில் அனுப்பாதீர்கள், நேரில் கொடுங்கள்.